திரை வழியே பாதப் பராமரிப்பு: நீரிழிவு உள்ளவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் பேசும் பெரியவர்களுக்குக் காணொளி அழைப்பில் நான் பாதப் பராமரிப்பு சொல்லித்தரும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள், மருமகள்கள். பதில்கள் பொதுவானவை, உங்கள் காலைப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. இப்போதே காலில் புண் இருந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம், ‘எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?’ என்ற கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

சுகர் கட்டுப்பாட்டில் இருந்தால் போதாதா? காலுக்கென்று தனிப் பாடம் எதற்கு?

கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் பத்துப் பதினைந்து வருடமாக இனிப்புநீர் இருப்பவருக்கு, இந்த முறை எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) நன்றாக வந்துவிட்டது என்பதால் ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு சரியாகிவிடாது. காலில் மூன்று கேடுகள் சேர்ந்து வருகின்றன. நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. ரத்தக்குழாய் அடைபடுவதால் புண் ஆறத் தேவையான ரத்தம் விரல் வரை போய்ச் சேருவதில்லை. சர்க்கரை கூடிய உடம்பில் கிருமித் தொற்று வேகமாகப் பரவுகிறது.

மூன்றில் முதலாவதுதான் ஏமாற்றுக்காரன். வலி இருந்தால் மனிதர் நொண்டுவார், முனகுவார், வீட்டில் யாராவது கவனிப்பார்கள். வலி இல்லாதவர் புண்ணின் மேலேயே நடந்து தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார்.

சிங்கப்பூரில் நீரிழிவால் கால், பாதம் அல்லது விரல் அகற்றும் அறுவை சிகிச்சை ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு நடக்கிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. நம்மவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம்: 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 17.2 விழுக்காடு.

காலைத் தொடாமலேயே காலைப் பற்றிச் சொல்லித்தர முடியுமா?

சொல்லித்தர முடியும். சோதித்துப் பார்க்கத்தான் முடியாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது.

கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தின் மேலும் கணுக்காலிலும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். தோல் சூடாக இருக்கிறதா, காய்ந்து கெட்டிப்பட்ட தோலுக்கு அடியில் ஏதாவது மெத்தென்று இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். இதில் எதையும் திரையில் செய்ய வழியில்லை.

ஆனால் கிளினிக்கில் கிடைக்காத ஒன்று திரையில் கிடைக்கிறது. அது உங்கள் வீடு. கிளினிக்குக்கு வரும்போது எல்லாரும் நல்ல காலணி போட்டுக்கொண்டுதான் வருவார்கள். வீட்டில் போடும் சிலிப்பர் எப்படித் தேய்ந்திருக்கிறது, குளியலறை வாசலில் உள்ள படி எவ்வளவு உயரம், கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது, கால் துடைக்கும் துண்டு எது, நகவெட்டி எங்கே இருக்கிறது, அதில் துரு இருக்கிறதா என்பதெல்லாம் அழைப்பில்தான் தெரியும். பாதப் பராமரிப்பு என்பது பெரும்பாலும் குளியலறைக்கும் கட்டிலுக்கும் இடையே நடக்கிற வேலை. அதை அங்கேயே வைத்துச் சொல்லித்தருவது நல்லதுதானே.

அப்படியானால் நேரில் போவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பாதப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் நடக்க வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கான கணக்கு அது. உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ குறைந்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒரு முறை. இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். இவற்றோடு முன்பு புண் வந்தவர், விரல் எடுக்கப்பட்டவர், சிறுநீரகம் செயலிழந்தவர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். பன்னாட்டு நீரிழிவுப் பாத வழிகாட்டிகள் சொல்லும் இடைவெளி இது. உங்கள் பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ உங்களை எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்குத் தங்கள் எச்பிஏ1சி எண் மனப்பாடமாகத் தெரியும். பாதம் எந்தப் பிரிவு என்று தெரியாது.

ஓர் அழைப்பில் என்னதான் நடக்கும்?

பெரும்பாலும் நான் பேசுவது குறைவு. அவர்கள் செய்வதைப் பார்ப்பதுதான் அதிகம்.

யீஷூனில் தனியாக இருக்கும் ஓர் ஐயா. கைபேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, பிளாஸ்டிக் முக்காலியில் காலைத் தூக்கி வைத்தார். “ஒண்ணும் இல்லைம்மா, கால் நல்லாத்தான் இருக்கு” என்றார். காலுறையைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் காலைக் காட்ட வந்தார். “ஐயா, காலுக்கு முன்னால் காலுறையைக் காட்டுங்க” என்றேன். வெள்ளைக் காலுறையைத் திருப்பினால், சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் பத்துக் காசு அளவுக்கு மஞ்சள் கறை, நடுவில் காய்ந்து மொடமொடப்பாக. அவருக்கு அது சாம்பார்க் கறை மாதிரி பட்டிருக்கிறது. அடுத்து சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லி, கையை உள்ளே விட்டு முன்பக்கம் வரை தடவிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே போட்டிருந்த அட்டை ஓரம் பிரிந்து, சுண்டுவிரல் பக்கமாகச் சுருண்டு கிடந்தது. புண் சிறியதுதான். மறுநாளே நேரில் காட்டிவிட்டார்.

இந்த வரிசையைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன்: முதலில் காலுறை, அப்புறம் கால், அப்புறம் காலணிக்குள் கை. காலுறை வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். கறுப்புக் காலுறை எதையும் சொல்லாது.

கைபேசியை எப்படி வைத்தால் கால் சரியாகத் தெரியும்?

பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். முன்பக்கக் கேமரா பல போன்களில் அவ்வளவு தெளிவில்லை. பகலில் சன்னலோரம் உட்காருங்கள், ஆனால் சன்னல் உங்கள் பின்னால் இருக்க வேண்டாம், கால் வெறும் நிழலாகத்தான் தெரியும். இரவில் அழைப்பு என்றால் மஞ்சள் விளக்கைவிட வெள்ளை விளக்கு நல்லது. கேமரா கண்ணாடியை ஒரு முறை துடைத்துவிடுங்கள், சமையலறையில் இருந்த போன் என்றால் கட்டாயம்.

உள்ளங்காலைக் காட்டத்தான் சிரமம். முழங்கால் மடங்காதவர்கள், தொப்பை உள்ளவர்கள் படாத பாடு படுவார்கள். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்தால் போதும். தன் முகத்தைப் படமெடுக்க வைத்திருக்கும் நீட்டுக் குச்சியில் போனை மாட்டிக் காலுக்குக் கீழே கொண்டுபோகவும் சிலர் பழகியிருக்கிறார்கள். கண்பார்வை மங்கியவர்கள் தனியாகச் செய்ய முயல வேண்டாம், வேறு ஒருவர் பார்க்கட்டும். நீரிழிவு காலோடு கண்ணையும் பிடிக்கும் என்பதால் இவர்கள் எண்ணிக்கை குறைவில்லை.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான ஒரு சோதனை இருக்கிறது, 2011இல் வெளியானது. கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் இன்னொருவரின் ஆள்காட்டி விரல் போதும். திரை வழியே சொல்லித்தர இதைவிடத் தோதானது வேறில்லை.

நோயாளி காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். விரல் தொடுவது தெரிந்தால் வலது என்றோ இடது என்றோ சொல்ல வேண்டும். தொடுபவர், வலது கால் கட்டைவிரல் நுனி, வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் மொத்தம் ஆறு இடங்களைத் தொட வேண்டும். இறகு பட்டது போல மெல்லத் தொட்டு, ஓரிரு நொடியில் எடுத்துவிட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. ஓர் இடத்தில் தெரியவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் வீட்டார் மீறுகிறார்கள். “அப்பா, நல்லா கவனிங்க, இப்பத் தெரியுதா?” என்று மூன்று முறை தொட்டு, கொஞ்சம் கிள்ளியும் பார்த்து, பாஸ் போட்டுவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் சோதனை கெட்டுப்போகிறது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்; போடியாட்ரிஸ்ட் எனப்படும் பாதச் சிகிச்சை நிபுணரிடமோ மருத்துவரிடமோ நேரில் காட்டுங்கள். ஆறும் தெரிந்தாலும் வருடாந்தரப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

தினமும் எதைப் பார்ப்பது?

கீறல், கொப்புளம், வீக்கம், நிறம் மாறிய இடம், விரலிடுக்கில் வெந்துபோன தோல், குதிகால் வெடிப்பு, நகம் சதையில் இறங்கியிருப்பது.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையேடுகளில் சிவந்திருந்தால் கவனி என்று போட்டிருக்கும், பக்கத்தில் வெளிர்நிறக் காலின் படம் இருக்கும். நம் தோலில் அழற்சி அப்படிச் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா சாயலாகவோ, வெறும் பளபளப்பாகவோ இருக்கலாம். அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புறங்கையை வைத்து ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். போன வாரம் தெரிந்த ரத்தக்குழாய் வரியும் எலும்பு மேடும் இந்த வாரம் தெரிகிறதா பாருங்கள். காணவில்லை என்றால் வீக்கம்.

எப்போது பார்ப்பது என்பது உங்கள் வசதி. இரவில் கால் கழுவி விளக்கேற்றும் பழக்கம் உள்ள வீட்டில் அதோடு சேர்த்துவிட்டால் மறக்காது. கழுவினால் விரலிடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும். இந்த ஊர் ஈரப்பதத்தில் அது தானாகக் காயும் என்று விட்டுவிட முடியாது.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?

அடுத்த காணொளி அழைப்பு வெள்ளிக்கிழமைதானே, அதில் காட்டிக்கொள்ளலாம் என்று இவற்றை வைத்திருக்காதீர்கள்.

புதிதாகப் புண்ணோ கொப்புளமோ வந்தால், எவ்வளவு சின்னதானாலும், அன்றோ மறுநாளோ நேரில் காட்ட வேண்டும். புண்ணைச் சுற்றி வீக்கமும் சூடும் பரவுகிறது, சீழ் வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்றால் அன்றே. விரல் கறுத்துப்போனால், அல்லது கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து வலித்தால், உடனே அவசரப் பிரிவு. புண்ணோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், தடுமாறிய பேச்சு, மயக்கம் இருந்தால் ஆம்புலன்சுக்கு 995.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புண்ணே இல்லை, அடிபட்ட நினைவும் இல்லை, வலியும் அதிகமில்லை, ஆனால் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. இது ஷார்கோ பாதமாக இருக்கலாம். உணர்ச்சியற்ற பாதத்தில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் நிலை. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே நடந்தால் பாதத்தின் வளைவே இறங்கிப்போகும். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துச் சொல்ல மாட்டார்களா?

படம் உதவும், ஆனால் படம் மட்டும் போதாது. நீரிழிவுப் புண்ணைக் கைபேசிப் படத்தில் பார்த்து நிபுணர்கள் மதிப்பிடுவது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. நேரில் பார்த்ததோடு அது சரியாக ஒத்துப்போகவில்லை, ஒரே படத்துக்கு ஆளாளுக்கு வேறு பதிலும் வந்தது. நிபுணர்களுக்கே இந்தக் கதி என்றால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா சொல்லும் ‘ஒன்றுமில்லை’யை என்ன செய்வது?

புண் வந்தபின் தொலைவிலிருந்து கவனிப்பது பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு, இரண்டும் ஒரே மாதிரி பேசவில்லை. 2015இல் வந்த டென்மார்க் ஆய்வில் புண் ஆறுவதிலும் கால் அகற்றுவதிலும் நேர்முகச் சிகிச்சைக்கும் தொலைமருத்துவத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தொலைமருத்துவப் பக்கம் இறப்பு அதிகமாக இருந்தது, காரணம் தெளிவாகவில்லை. 2018இல் வந்த நார்வே ஆய்வில் தொலைமருத்துவம் சளைக்கவில்லை, கால் அகற்றுவதுகூடக் குறைவாக இருந்தது. இரண்டிலும் வீட்டுக்கு அருகில் ஒரு தாதி புண்ணை நேரில் பார்த்துக் கட்டுப்போட்டு, நிபுணரோடு படம் பகிர்ந்துகொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளியும் போனும் மட்டும் இருந்த கதையல்ல அது.

படம் அனுப்பச் சொல்லி மருத்துவக் குழு கேட்டால், ஒன்று தூரத்திலிருந்து முழுப் பாதமும் தெரியும்படி, இன்னொன்று கிட்டத்திலிருந்து. புண்ணில் படாமல் பக்கத்தில் ஒரு அளவுகோலையோ ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தையோ வையுங்கள், அளவு தெரியும். அவர்கள் சொன்ன வழியில் மட்டும் அனுப்புங்கள். வேறு எங்கும் போக வேண்டாம் அந்தப் படம்.

மஞ்சள், உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய் இதெல்லாம்?

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ காய்ந்த தோலில் தேய்ப்பதில் குற்றமில்லை, விரலிடுக்கில் மட்டும் போடாதீர்கள். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம் இன்னும் நன்றாக வேலை செய்யும். எண்ணெய்க் காலோடு குளியலறையில் நடந்து வழுக்கி விழுந்தால் அது வேறு வம்பு, காலுறை போட்டுக்கொண்டு படுங்கள்.

புண்ணில் மஞ்சள் வேண்டாம். காப்பித் தூள், சாம்பல், பற்பசை, எதுவும் வேண்டாம். மஞ்சள் நல்லதா கெட்டதா என்று நான் வாதாட வரவில்லை. மஞ்சள் பூசிய புண்ணின் அடி தெரியாது, ஓரமும் தெரியாது, திரையில் சுத்தமாகத் தெரியாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, உலர்ந்த கட்டுத்துணி போட்டு, நேரில் காட்டுங்கள்.

வெந்நீரில் கால் ஊறவைப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம். மரத்துப்போன கால் சூட்டைச் சொல்லாது. கழுவும் தண்ணீர் 37 டிகிரிக்கு மேல் வேண்டாம். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடாகத் தெரியாத அளவு. வெந்நீர்ப் பை, சூடு ஒத்தடம் இரண்டும் காலுக்கு ஆகாது.

கால் ஆணிக்குக் கடையில் பிளாஸ்டர் விற்கிறார்களே?

அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆணியை மட்டும் பார்த்து அரிக்காது, பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும். உணர்ச்சி குறைந்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பிளேடும் வேண்டாம். ஆணியும் தடித்த தோலும் போடியாட்ரிஸ்ட் எடுக்க வேண்டியவை. நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையில் தோண்டாதீர்கள். தடித்து மஞ்சளித்த நகத்தை அழைப்பில் காட்டுங்கள், நீங்களே வெட்டலாமா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கோயிலுக்குச் செருப்போடு போக முடியாதே?

இதைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இல்லை, ஆனால் எந்தக் கையேட்டிலும் பதில் இருக்காது. “எப்போதும் காலணி அணியவும்” என்று முடித்துவிடுவார்கள்.

போகலாம். வெயில் ஏறுமுன் காலையிலோ, இருட்டிய பிறகோ போங்கள். நண்பகலில் பிராகாரத்துக் கல்தரை கொப்புளம் போட வைக்கும் அளவு சுடும். தடித்த அடிப்பாகம் உள்ள வெளிர்நிறக் காலுறை அணியுங்கள். பெரியவர் ஒருவர் நோய்க்காகக் காலுறை போட்டிருக்கிறார் என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சந்தேகமாக இருந்தால் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வழிபாட்டுக்கு மட்டும் கழற்றினாலும், கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை செருப்பு இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கால் பார்க்கும் வேலை அன்றைக்கு இரண்டாவது முறை.

தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் வெறுங்கால் நடை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதி. உணர்ச்சி குறைந்த காலோடு இவை இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றால் பால்குடமோ காவடியோ யார் எடுப்பது, எந்த வடிவில் செலுத்துவது என்று குடும்பத்தில் பேசி, கோயிலிலும் கேளுங்கள். பிள்ளைகள் அம்மாவின் வேண்டுதலைப் பழித்துப் பேசினால் அம்மா அடுத்த முறை சொல்லாமல் போய்விடுவார். அது இன்னும் ஆபத்து.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. வீட்டுக்குள் மட்டும் போடும் ஒரு சோடி மென்மையான, பின்பட்டை உள்ள சிலிப்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகாத செருப்பு என்பதால் பூசையறைப் பக்கம் போவதில் பெரும்பாலான வீடுகளில் சமாதானம் ஆகிவிடுகிறது.

புளோக்குக்குக் கீழே உள்ள கூழாங்கல் பாதையில் நடந்தால் நரம்புக்கு நல்லதாமே?

உணர்ச்சி உள்ள காலுக்கு உங்கள் விருப்பம். மரத்த காலுக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வராது. என்ன செய்வது?

அம்மாவுக்கு வரத் தேவையில்லை, காலுக்கு வந்தால் போதும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் சரி. மகன் வேலையில், மகள் வேறு வீட்டில், பகலில் இருப்பது பணிப்பெண் மட்டும் என்றால் பணிப்பெண்ணையும் அழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மியன்மாரிலிருந்தோ இந்தோனீசியாவிலிருந்தோ வந்திருக்கலாம், தமிழ் தெரியாது. செய்து காட்டினால் மொழி ஒரு தடையே இல்லை. மகளையும் மூன்றாவது திரையில் சேர்த்துவிட்டால் அம்மா சொல்லாமல் விட்டதை அவர் சொல்லிவிடுவார்.

தாமே கற்றுக்கொள்ள ஆசைப்படும் பெரியவர்களுக்குச் சமூக மன்றங்களில் எஸ்ஜி டிஜிட்டல் உதவி இருக்கிறது. 2020இல் தொடங்கியது, இலவசம். காணொளி அழைப்பை எடுக்கவும் ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியைத் திறக்கவும் கற்றுத்தருவார்கள். பெற்றோரின் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) கடவுச்சொல்லை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள், ஹெல்த்ஹப்பில் பராமரிப்பாளராக முறையாகச் சேர வழி இருக்கிறது. இன்னொன்று: பாத வகுப்பு எடுக்கிறோம் என்று அழைத்து வங்கி விவரமோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இது சரிப்படுமா?

அவர்களுக்குத்தான் இன்னும் தேவை. நாள் முழுக்க இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி, உள்ளே வியர்வையில் நனைந்த காலுறை, அளவு சரியாக இருந்தாலும் விரல் உரசும். ஊரில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து இங்கே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. வெளிநாட்டு ஊழியர்களுக்கான அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் 2022 ஏப்ரலில் தொடங்கியது. அதில் நாட்பட்ட நோய்க்கான மருத்துவமும் தொலைமருத்துவமும் அடக்கம், ஆகவே செலவுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

அறையில் பலர் இருக்கும்போது காலைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் நான் பார்த்த சிக்கல். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஓரம் வரச் சொன்னால் சரியாகிவிடும். இரண்டு சோடி காலுறை வேலைக்கு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றும்போது காலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அறைத்தோழர் ஒருவர் ஆறு இடச் சோதனையைச் செய்துவிடுவார், அவர்களுக்குள் அந்தப் பரிவு நிறைய இருக்கிறது.

பாதச் சூட்டை அளக்கும் கருவி, பாய், செயலி இதெல்லாம் வாங்கலாமா?

தத்துவம் சரியானது. தோல் உடைவதற்கு முன்பே அந்த இடத்தில் அழற்சியால் சூடு ஏறும். இடது, வலது பாதங்களில் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவக் குழுவைத் தொடர்புகொள்ள வேண்டும். ஆனால் இது முன்பு புண் வந்தவர் போன்ற ஆபத்துக் கூடியவர்களுக்கானது. அப்படிப்பட்டவர் என்றால் உங்கள் போடியாட்ரிஸ்டிடம் கேட்டு முடிவெடுங்கள். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல சப்பாத்து வாங்கலாம். காலுக்கு வாங்கும் எதையும் மாலையில் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும்.

ஒரு முறை கற்றுக்கொண்டால் போதுமா? உண்மையிலேயே கால் போவதை இது தடுக்குமா?

நேர்மையாகச் சொல்கிறேன். பாதக் கல்வி பற்றிய ஆய்வுகளை 2014இல் மொத்தமாகத் திரட்டிப் பார்த்தபோது, மக்களின் அறிவும் பழக்கமும் கொஞ்ச காலத்துக்கு மேம்படுவது தெரிந்தது. கல்வி மட்டுமே புண்ணையும் கால் இழப்பையும் குறைக்கிறது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போனது மூன்றாவது மாதம் மறந்துதான் போகும். அதனால்தான் ஒரே நீண்ட வகுப்பைவிட, பதினைந்து நிமிட அழைப்புகள் பலமுறை நல்லது என்று நினைக்கிறேன். பயணம் இல்லை, விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, கூப்பிட்டால் போதும். தொலைத்தொடர்பின் உண்மையான பலன் இந்த மறுமுறைதான்.

ஒரு முறை புண் ஆறியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. ஆறியது என்று சொன்ன அன்றுதான் அழைப்புகளை ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலும் அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நானும் தொண்டூழியராகச் சொல்லித்தருகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

“புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். நம் பெரியவர்கள் மரியாதைக்காகவாவது “புரியுதும்மா” என்பார்கள். “ஆன்ட்டி, இன்றைக்கு ராத்திரி என்ன செய்வீங்க, எனக்கு ஒரு முறை செஞ்சு காட்டுங்க” என்று கேளுங்கள். கிரீமை விரலிடுக்கில் தேய்க்கும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும். ஓர் அழைப்பில் இரண்டு விஷயத்துக்கு மேல் வேண்டாம். காலை வெட்டிவிடுவார்கள் என்று பயமுறுத்தவும் வேண்டாம். பயந்தவர் காலைப் பார்ப்பதையே நிறுத்துகிறார். இல்லாவிட்டால் பார்த்ததைச் சொல்வதை நிறுத்துகிறார்.

புண்ணைத் திரையில் பார்த்தால் என்னவென்று பெயர் சொல்லாதீர்கள். எப்போது, எங்கே காட்டப்போகிறார்கள் என்று கேட்டு, மறுநாள் ஓர் அழைப்பு போட்டு, போனார்களா என்று உறுதி செய்யுங்கள்.

செலவு?

நீரிழிவு, மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்த் திட்டத்தில் 2006 முதல் இருக்கிறது. பாதப் பரிசோதனையும் அதில் அடங்கும். 2021இல் வந்த வரம்புப்படி, சிக்கல் இல்லாதவர்களுக்கு வருடத்துக்கு 500 வெள்ளி வரை, சிக்கலான நிலையில் உள்ளவர்களுக்கு 700 வெள்ளி வரை. சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை உள்ளவர்களுக்கு அந்தத் திட்டத்தில் உள்ள தனியார் கிளினிக்குகளிலும் கழிவு உண்டு. மருத்துவரின் காணொளி வழித் தொடர் ஆலோசனைக்கும் 2020 முதல் மெடிசேவ் பயன்படுத்த வழி வந்தது. உங்கள் கிளினிக்கில் எது பொருந்தும் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

அழைப்பின் நடுவில் லைன் போய்விட்டால்?

ஆரம்பத்திலேயே சாதாரணத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் காணொளி திரும்ப வரவில்லை என்றால் அந்த எண்ணில் பேசி முடிக்கலாம். போனைச் சார்ஜ் போட்டு வைத்திருங்கள். காலை மட்டும் முக்காலியிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், முட்டி பிடித்துக்கொள்ளும்.